மீனாவின் மாம்பழமும் ஒரு குடம் தண்ணீரும்

செங்கற்பட்டிலுள்ள கல்லூரி ஒன்றில் இயற்பியல் கற்பிப்பவன் நான். முதலாண்டு மாணவர்களுக்கு 'வேலை' என்னும் சொல்லின் இலக்கணத்தைக் கூறும்போது, ஆண்டுதோறும் வகுப்பில் ஒரு சலசலப்பு எழும். விசையை, அவ்விசையின் திசையில் நிகழ்ந்த இடப்பெயர்ச்சியால் பெருக்கினால் கிடைப்பதே வேலை. குடத்தின் எடை கீழ்நோக்கிச் செயல்படுகிறது. நடையோ கிடைத்திசையில் நிகழ்கிறது. ஆகவே, நீர் நிறைந்த குடத்தை இடுப்பில் ஏந்திச் சமதரையில் சீராக நடப்பவர், அதன் எடைக்கு எதிராகச் செய்யும் வேலை சுழி!

சென்ற ஆண்டு, மாமல்லபுரத்துக்கு அருகிலுள்ள மீனவர் குப்பம் ஒன்றிலிருந்து வரும் மாணவி எழுந்து கேட்டாள்: "சார், எங்க தெருக் கிணத்துல உப்புத் தண்ணி. நல்ல தண்ணிக்கு ரோடு வரைக்கும் போய் வரணும். அது வேலையே இல்லைன்னா, எனக்கு ஏன் சார் பசிக்குது?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. சிறு வயதில் பார்த்த 'மீனா' என்னும் கார்ட்டூன் தொடர் நினைவுக்கு வந்தது. அதை அண்மையில் மீண்டும் பார்த்தேன். அதன் நிறைகுறைகளை வாசகர்களோடு சேர்ந்து எடைபோடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அக்காளும் தம்பியும்

தென்னாசிய நாடுகள் 1991 முதல் 2000 வரையிலான பத்தாண்டைப் பெண் குழந்தைகளின் பத்தாண்டாக அறிவித்தன. அந்தச் சூழலில், யுனிசெஃப் நிறுவனத்தின் முயற்சியால் உருவானது இத்தொடர். அதற்கு உருக் கொடுத்தவர்களில் முதன்மையானவர் இந்தியச் சித்திரப்படக் கலைஞர் ராம் மோகன் (1931–2019). 1956-இல் பிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவில் சேர்ந்து தொழில் கற்றவர் அவர். அமெரிக்காவின் ஹன்னா-பார்பெரா நிறுவனமும் இத்தொடருக்கு உதவியது.

ஒன்பது வயது மீனா, அவள் தம்பி ராஜு, கைக்குழந்தை ராணி, மிட்டு என்னும் பேசும் கிளி - இவர்களே முக்கியப் பாத்திரங்கள். இந்தியா, பாகிஸ்தான், வங்காளதேசம், நேபாளம் ஆகிய நாடுகளின் சிற்றூர்களில் மக்களிடம் படங்களைக் காட்டிக் கருத்துக் கேட்டு, எந்த நாட்டினரும் தம் வீட்டுப் பெண் என்று எண்ணும்படி மீனாவின் முகத்தையும் உடையையும் அமைத்தார்கள். பெயரும் அப்படியே. நம் ஊர்த் தெருவில் "மீனா!" என்று கூப்பிட்டால் இரண்டு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள் அல்லவா?

தட்டுகளை மாற்றிப் பார்

மாம்பழத்தைப் பங்கிடும் கதை இத்தொடரின் சிறந்த படைப்பு. வீட்டில் பழம் நறுக்கப்படுகிறது. பெரிய பங்கு ராஜுவுக்கு. அவன் ஆண்பிள்ளையாம், அதிகம் உழைப்பவனாம். மீனா அழவில்லை. ஒருநாள் இருவரும் வேலைகளை மாற்றிக்கொள்வோம் என்கிறாள். உணவும் அப்படியே மாறவேண்டும். மாலைக்குள் ராஜு களைத்துப் போகிறான். அக்காளின் பங்கு தட்டில் விழும்போது அவன் வயிறு உண்மையைச் சொல்லிவிடுகிறது.

இயற்பியல் ஆய்வகத்தில் தராசைக் கையாண்ட மாணவர்களுக்கு இது புதிதன்று. தராசின் இரு கரங்களும் சம நீளம்தானா என்ற ஐயம் எழுந்தால் என்ன செய்கிறோம்? பொருளை இடத் தட்டில் வைத்து ஒருமுறையும், வலத் தட்டில் வைத்து ஒருமுறையும் நிறுக்கிறோம். இரு அளவுகளும் வேறுபட்டால் குற்றம் பொருளிடம் இல்லை, தராசில்தான் இருக்கிறது என்று தெரிந்துவிடும். காஸ் என்னும் அறிஞரின் பெயரால் வழங்கும் இரட்டை நிறுவை முறை இதுவே. மீனா செய்ததும் இதைத்தான். அந்த வீட்டுத் தராசின் கோணலை அறிவுரை எதுவும் சொல்லாமல், ஒரு சோதனையால் வெளிப்படுத்துகிறாள். கதை மனத்தில் நிற்பதற்குக் காரணமும் அதுவே.

பசிக்குக் காரணம்

மாணவியின் கேள்விக்கு வருவோம். 15 லிட்டர் நீரின் எடை 147 நியூட்டன். அதைத் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்திலுள்ள இடுப்புக்குத் தூக்கச் செய்யும் வேலை 147 ஜூல். ஒரு கிலோகலோரி என்பது 4,184 ஜூல். அதாவது, 28 குடங்கள் தூக்கினாலும் சூத்திரக் கணக்கில் ஒரு கிலோகலோரிகூட நிறைவதில்லை!

சூத்திரம் பொய்யன்று. அது குடத்தின் கணக்கு. சுமப்பவளின் கணக்கு அன்று. மேசை ஒன்று குடத்தை நாள் முழுவதும் தாங்கும், அதற்குப் பசிப்பதில்லை. தசை அப்படியல்ல. ஒரே நிலையில் சுமையைத் தாங்கும்போதும், தசைக்குள் இருக்கும் நுண்ணிய புரத இழைகள் ஒன்றையொன்று பற்றுவதும் விடுவதுமாக ஓயாது இயங்குகின்றன. ஒவ்வொரு பற்றுதலுக்கும் ஏ.டி.பி. என்னும் வேதிப்பொருள் செலவாகிறது. அந்த ஆற்றல் பெரும்பாலும் வெப்பமாக வெளியேறுகிறது. அதை ஈடுசெய்ய உணவு வேண்டும். பசி என்பது உடல் அனுப்பும் ரசீது.

குடத்தின் கணக்கில் சுழி வருவதைக் கண்டு சுமப்பவளின் கணக்கிலும் சுழி போடும் பிழையைப் பல வீடுகள் நாள்தோறும் செய்கின்றன.

இரு குறைகள்

பாராட்டோடு நிறுத்தினால் அது திறனாய்வு ஆகாது. ஒரே நாள், ஒரே சோதனை. அதற்குள் வீடே மனம் மாறிவிடுகிறது. என் மாணவர் ஒரே அளவீட்டை மட்டும் பதிவேட்டில் எழுதி வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்! இருபது ஆண்டுப் பழக்கம் ஒரு மாலைப்பொழுதில் மாறாது. படம் அந்தத் தடையைக் காட்டியிருக்கலாம்.

இரண்டாவது குறை ஆழமானது. வேறொரு கதையில் மீனாவுக்குப் பள்ளி செல்ல அனுமதியில்லை. கிளி பள்ளியில் கேட்டு வந்து சொல்லும் எண்களைக் கற்று, கோழிகளை எண்ணுகிறாள், ஒன்று குறைகிறது, திருடன் பிடிபடுகிறான், பிறகே தந்தை மனம் இளகுகிறது. அப்படியானால், திருடன் வராத வீட்டு மீனா என்ன செய்வாள்? மாம்பழக் கதையிலும் இதே வாதம்தான்: அவளும் உழைக்கிறாள், ஆகவே கொடுங்கள். தொட்டிலில் கிடக்கும் ராணி ஒரு வேலையும் செய்வதில்லையே, அவளுக்கு என்ன பங்கு?

குழந்தையின் உணவு கூலி அன்று. எலும்பும் தசையும் குருதியும் வளர்வதற்கான மூலப்பொருள் அது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட பரிந்துரையில், 7 முதல் 9 வயது வரையுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்கு 1,700 கிலோகலோரி என்று உள்ளது. அந்த வயதில் ஆண், பெண் என்ற பிரிவே அதில் இல்லை. மீனாவின் வயது ஒன்பது என்பதை நினைவில் கொள்க. பின்னாளில் என்ன நேர்கிறது? 2019–21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. ஆண்களில் 25 விழுக்காடு. மாதவிடாயும் மகப்பேறும் இதற்குக் காரணங்களே. ஆனால், இழப்பு மிகுதியாக உள்ள இடத்தில் பங்கும் குறைந்தால் என்னவாகும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இக்குறைகள் இருந்தும், 'மீனா' நம் பிள்ளைகள் பார்க்கவேண்டிய தொடர் என்பதே என் முடிவு. கேள்வி கேட்பதோடு நில்லாமல், சோதித்துக் காட்டும் ஒன்பது வயதுப் பெண்ணைத் தொலைக்காட்சியில் எத்தனை முறை காண்கிறோம்?

என் மாணவிக்கு மறுநாள் விடை சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதை எங்க வீட்லயும் வந்து சொல்லுங்க சார்" என்றாள். அவள் வீட்டுக்கு நான் போக இயலாது. இந்த இதழ் போகலாம். வாசகர்களே, ஒரு வாரம் உங்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரத்தைக் கவனியுங்கள். யார் பரிமாறுகிறார், யார் கடைசியில் உண்கிறார், முட்டையும் மீன்துண்டும் எந்தத் தட்டில் விழுகின்றன என்று ஏழு நாளும் குறித்து வையுங்கள். ஒருநாள் அளவீடு போதாது. பிறகு, தட்டுகளை மாற்றிப் பாருங்கள்.