தேர்ந்தெடுக்கும் கை யாருடையது?

சிறுவர் கையில் ஒளிப்படக் கருவியைக் கொடுத்து, அவர்கள் எடுத்துவரும் படங்களின் வழியே அவர்களது வாழ்வை அறிய முயலும் ஆய்வுமுறை இன்று உலகெங்கும் பரவியுள்ளது. வினாத்தாளுக்கு விடையெழுதத் தெரியாத பிள்ளையும் படம் எடுக்கும், படம் வரையும் என்பதே இதன் அடிப்படை. 1990களில் கரோலின் வாங், மேரி ஆன் பர்ரிஸ் ஆகிய இருவரும் சீனத்தின் யூனான் மாநிலச் சிற்றூர்ப் பெண்களிடம் கருவிகளைக் கொடுத்து இம்முறைக்கு வடிவம் தந்தனர். பிரேசில் கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரேயின் சிந்தனை அதற்கு ஊற்றாயிற்று. எந்தப் படத்தைக் காட்டுவது என்பதைப் படம் எடுத்தவரே தேர்ந்து, அதன் பொருளையும் தாமே சொல்ல வேண்டும் என்பதுதான் இம்முறையின் உயிர்நாடி.

இதன் அழகையும் ஆபத்தையும் ஒருசேரக் காட்டும் படைப்பொன்று நம் நாட்டு மண்ணிலேயே உருவாயிற்று. ஜானா பிரிஸ்கியும் ராஸ் காஃப்மனும் இயக்கி 2004இல் வெளிவந்து, 2005இல் சிறந்த ஆவணப்படத்திற்கான ஆஸ்கார் விருது பெற்ற 'பார்ன் இன்டு பிராத்தல்ஸ்' என்னும் படமே அது. அது ஆய்வேடு அன்று. ஆயினும் இம்முறையின் எல்லாக் கேள்விகளும் அதில் அடங்கியுள்ளன.

கொல்கத்தாவின் சோனாகாச்சியில் பாலியல் தொழிலில் உள்ள பெண்களைப் படம் எடுக்கச் சென்றவர் பிரிஸ்கி. அங்கிருந்த சிறார் அவரது கருவியின்மேல் ஆவல் கொள்ளவே, அவர்களுக்கும் கருவிகளைத் தந்து வகுப்பு நடத்தினார். படத்தில் நம் மனத்தைக் கவர்வன இவ்வகுப்புகளே. தாங்கள் எடுத்தவற்றைச் சிறார் வரிசையாகப் பார்க்கின்றனர். இது நன்று, இது நன்றன்று என்று வாதிடுகின்றனர். இரக்கத்திற்குரிய பொருளாக இருந்தவர்கள் அங்கே தீர்ப்புச் சொல்பவர்களாக மாறுகின்றனர். அவர்கள் எடுத்த படங்களில் தெருவும் உறவும் அவர்கள் கண்டபடியே தெரிகின்றன. கண்ணீரைக் கேட்டு அவை கை நீட்டுவதில்லை.

ஆனால் அந்தப் படங்களைச் சூழ்ந்துள்ள பெரிய படத்தைத் தொகுத்தது யார்? எந்தத் தாயின் வசைச்சொல் திரையில் ஒலிக்கலாம், எந்தக் குழந்தையின் அழுகையோடு காட்சி முடியலாம் என்று முடிவு செய்தவர்கள் அச்சிறார் அல்லர். அவர்களுடைய படங்கள் உள்ளே வர, கதையோ அவர்களை மீட்க வந்தவரின் கதையாகிவிடுகிறது. சோனாகாச்சிப் பெண்களே கூடி அமைத்த 'துர்பார் மகிளா சமன்வய கமிட்டி' தங்கள் பிள்ளைகளுக்காகத் தாங்கள் எடுத்த முயற்சிகள் படத்தில் இடம்பெறவில்லை என்று குறைகூறியது. அக்குறையில் நியாயம் உண்டு. தாயரைத் தடையாக மட்டும் காட்டினால், மீட்பர் தானாகவே உயர்ந்து தெரிவார் அன்றோ?

நன்மையே விளையவில்லை என்று நாம் சொல்லவரவில்லை. படங்களை விற்ற பணம் அவர்களது கல்விக்கு உதவிற்று; ஒரு சிறுவன் ஆம்ஸ்டர்டாம் வரை சென்று உலகச் சிறாரோடு அமர்ந்து ஒளிப்படங்களை மதிப்பிட்டான். எனினும் விடுதிப் பள்ளியில் சேர்க்கப்பட்ட சிலர் அங்குத் தங்கவில்லை என்பதைப் படமே தன் இறுதியில் ஒப்புக்கொள்கிறது. மேலும், சிறாரின் பாதுகாப்பைக் காரணம் காட்டி அப்படம் அந்நாளில் இந்தியாவில் பொதுத் திரையிடலுக்கு விடப்படவில்லை. வெளிநாடுகளிலோ அவர்கள் முகமும் பெயரும் மறைக்கப்படாமலே திரையேறின. இணையம் வந்தபின் அந்த எல்லைக்கோட்டிற்கு என்ன பொருள்? பத்து வயதில் பெறப்பட்ட ஓர் 'ஆம்', முப்பது வயதிலும் ஒருவரைப் பின்தொடர்கிறது. ஆகவேதான் அவர்களுள் எவர் பெயரையும் நாம் இங்கு எழுதவில்லை.

1992இல் யுனிசெஃப் வெளியிட்ட ஒரு நூலில் ராஜர் ஹார்ட் என்பார் சிறார் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்தார். சிறாரை ஆட்டுவிப்பது, அலங்காரமாக நிறுத்துவது, பெயரளவில் சேர்ப்பது ஆகிய கீழ் மூன்று படிகளும் பங்கேற்பே அல்ல என்றார். அவ்வேணியைச் சார்த்திப் பார்த்தால், இப்படத்தின் வகுப்பறை மேற்படிகளில் நிற்கிறது, தொகுப்பறையோ கீழிறங்கிவிடுகிறது. ஒரே படைப்பு இரு படிகளில் நிற்கக்கூடும் என்பதே நாம் கற்கும் பாடம்.

இதனைக் குன்றத்தூரில் இருந்து எழுதக் காரணம் உண்டு. செம்பரம்பாக்கம் ஏரியை அடுத்த நம் பகுதியில் புதுக் குடியிருப்புகள் பெருகுகின்றன. அவற்றைக் கட்ட வந்த வெளிமாநிலத் தொழிலாளரின் பிள்ளைகளும் இங்கு வளர்கின்றனர். இப்பிள்ளைகளைக் குறித்து ஆய்வு செய்ய வருவோர் முதலில் தட்டும் கதவு பள்ளியினுடையதாகவோ பங்குத்தந்தையினுடையதாகவோதான் இருக்கும். "ஃபாதர் சொன்னால் சரி" என்று தாய் கையொப்பமிடுவாள். தாய் கையொப்பமிட்டபின் பிள்ளை எங்கே மறுக்கும்? நம்மீதுள்ள நம்பிக்கையே அவர்களது சம்மதத்தை வெறுமையாக்கிவிடுகிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகள், பெற்றோரின் ஒப்புதலோடு, 7 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளையின் வாய்மொழி இசைவும், அதற்கு மேல் 18 வரை எழுத்துமூல இசைவும் வேண்டும் என்கின்றன. அவை மருத்துவ ஆய்வுக்கு உரியன. ஆனால் ஊசி போடுவதற்கு இசைவு வேண்டுமெனில், உள்வீட்டைப் படமாக்குவதற்கு வேண்டாமா?

எனவே, மறைக்கல்வி வகுப்பிற்கோ பள்ளிக்கோ எவரேனும் கருவியோடு வந்தால், பெற்றோரே, ஆசிரியரே, நோக்கம் நல்லதா என்று மட்டும் கேட்டு நின்றுவிடாதீர்கள். எந்தப் படம் வெளியே போகும் என்பதைப் பிள்ளை தேர்ந்தெடுக்குமா? அடுத்த ஆண்டு அது மனம் மாறினால் படத்தைத் திரும்பப் பெற முடியுமா? படத்தில் விழுந்த அண்டை வீட்டாரைக் கேட்டாயிற்றா? முடிவுகளைச் சொல்ல அவர்கள் மீண்டும் இத்தெருவிற்கு வருவார்களா? இவற்றிற்கு விடை கிடைத்தபின், பெரியவர் எவரும் அருகில் இல்லாத வேளையில், பிள்ளையிடம் இன்னொரு முறை கேட்கச் சொல்லுங்கள்.