கண்ணீர் முடிந்த பிறகு

நம்மிடம் சில ஆண்டுகள் ஓதிவிட்டு வணிகத்தில் இறங்கிய மாணவர் ஒருவர், தம் மகனை நோய்க்குப் பறிகொடுத்தார். கடைக்கும் செல்லாது, எவரோடும் பேசாது முடங்கிக் கிடந்தவர், படிக்க ஏதேனும் தாருங்கள் என்று ஒருநாள் வந்து நின்றார். அரபி வாசிப்பை அவர் விட்டுவிடவில்லையாதலால், முஸ்தஃபா லுத்ஃபி அல்மன்ஃபலூத்தியின் ‘அல்அபராத்’தை எடுத்துக் கொடுத்தோம். துயருற்றவருக்குத் துயரக் கதையே துணை என்பது நம் எண்ணம். பத்து நாளில் நூல் திரும்பி வந்தது. “இதிலே எல்லாரும் மவுத்தாகிப் போகிறார்களே, ஹஜ்ரத்! மிஞ்சி இருக்கிறவன் என்ன செய்வான்?” என்று கேட்டார். நம்மிடம் விடை இல்லை.

மன்ஃபலூத்தி (1876–1924) அஸ்ஹரில் பயின்ற எகிப்தியர். பிரெஞ்சு மொழி அறியாதவர். பிறர் சொல்லக் கேட்ட பிரெஞ்சுக் கதைகளைத் தமது நடையில் வார்த்தவர். அந்நடையின் இனிமைக்கு இளமையில் நாமும் அடிமையாயிருந்தோம். ‘அல்யதீம்’ என்னும் கதையில், பெரிய தந்தையின் வீட்டில் வளர்ந்த அநாதை இளைஞன் அவர் மகள்மீது அன்பு கொள்கிறான், அவர் மறைந்தபின் அவ்வீட்டினின்று வெளியேற்றப்படுகிறான், அவள் இறக்கிறாள், அவனும் நோயுற்று இறக்கிறான், இருவரும் ஒரே கப்றில் அடங்குகின்றனர். படிப்பவர் கண் கலங்காதிருப்பது அரிது. ஆயினும், அவ்விளைஞன் மறுநாள் காலை எழுந்து என்ன செய்வான் என்று எண்ணிப் பார்க்கும் சுமை ஆசிரியருக்கு இல்லாமற் போயிற்று. கதையை முடித்துவைக்க மரணம் எளிதாகக் கைகொடுத்துவிட்டது. அரபியில் ‘அப்ரத்’ என்றால் கண்ணீர். ஓர் உயிர்க்குறியை மாற்றி ‘இப்ரத்’ என்றால் படிப்பினை. மன்ஃபலூத்தி முன்னதிலேயே நின்றுவிட்டார் என்று இப்போது தோன்றுகிறது.

மாணவரின் கேள்வியோடு நாம் மீண்டும் எடுத்துப் படித்தது சூடானிய எழுத்தாளர் தையிப் ஸாலிஹ் (1929–2009) எழுதி, 1966இல் பெய்ரூத்தின் ‘ஹிவார்’ இதழில் வெளியான நாவல். ‘வடக்கு நோக்கிய குடிபெயர்வின் பருவம்’ என்று அதன் பெயருக்குப் பொருள் கொள்ளலாம். குடும்பத்தார் கூடியிருந்து படிக்கத் தகாத பக்கங்கள் இதில் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. எனினும் இதன் கடைசிச் சில பக்கங்களுக்கு நிகரானவற்றை நாம் அதிகம் கண்டதில்லை.

ஏழாண்டு ஐரோப்பாவில் கற்று நைல் நதிக்கரைக் கிராமத்துக்குத் திரும்பிய கதைசொல்லி, வெள்ளத்தில் மறைந்த முஸ்தஃபா ஸயீதின் மனைவி ஹுஸ்னாவுக்கும் இரு மைந்தர்க்கும் பொறுப்பாளனாகிறான். அவளை எழுபது கடந்த முதியவர் ஒருவருக்கு வலிந்து மணமுடிக்கின்றனர். அவள் அவரையும் கொன்று தன்னையும் மாய்த்துக்கொள்கிறாள். அவன் அவளை உள்ளூர நேசித்தவன், தடுத்திருக்கக்கூடியவன், வாளாவிருந்தான். அந்தக் குற்றவுணர்வோடு நைலில் இறங்கி நீந்துகிறான். நட்டாற்றில் வலிமை ஒடுங்குகிறது. முன்னே செல்லவும் இயலவில்லை, பின்னே திரும்பவும் இயலவில்லை. வானில் கல்கவுதாரிக் கூட்டங்கள் வடக்கே பறக்கின்றன. (பழைய அரபுக் கவிதை ஓதியவர்க்கு அப்பறவை நெடுநாள் பழக்கம்.) அந்நேரத்தில் அவனுக்கு எழும் ஆசை எது? ஒரு சிகரெட்! சிரிப்பு வரலாம், ஆனால் அந்த அற்ப ஆசைதான் அவனை இவ்வுலகின்பால் இழுக்கிறது. பின்னரே சிந்தனை வருகிறது: உடனிருக்க விரும்பும் சிலர் இருக்கின்றனர், செய்து தீர வேண்டிய கடமைகள் இருக்கின்றன, வாழ்வுக்குப் பொருள் உண்டா இல்லையா என்பது அவற்றுக்கு முன் நிற்கவில்லை. உதவி கேட்டுக் கூவுகிறான். நாவல் அங்கே நின்றுவிடுகிறது. எவரேனும் வந்தனரா என்பதை ஆசிரியர் சொல்லவில்லை.

யஃகூப் நபி (அலை) அவர்கள் அழுதழுது கண்கள் வெளுத்துப் போன நிலையிலும், யூஸுஃபைத் தேடுங்கள், இறையருளில் நம்பிக்கை இழவாதீர்கள் என்றே மைந்தரை அனுப்பினார்கள். கதைசொல்லியோ இறைவனைக் குறித்து அத்தகைய தெளிவு உடையவனல்லன். ஆயினும் பிறர் துணையை நாடி வாய் திறக்கிறானே, அதை நாம் சிறிதென்று கருதவில்லை.

நம் மனத்தில் தைத்த குறை ஒன்றுண்டு. தன்னை வலிந்து மணமுடித்தால் என்ன நேரும் என்பதை ஹுஸ்னா அவனிடம் முன்னரே கூறியிருந்தாள். அவனே தன்னைப் பெயரளவில் மணந்து காக்கட்டும் என்று அவன் தந்தையிடமும் சென்று கேட்டாள். அவள் கூவியது எவர் செவியிலும் ஏறவில்லை. நதி நடுவே நின்று எண்ணிப் பார்க்க அவனுக்குச் சில பக்கங்களை அளித்த ஆசிரியர், அவளுக்கு அரைப் பக்கமும் அளிக்கவில்லை. அவளுடைய முடிவை ஊரார் வாயிலாகவே அறிகிறோம்.

இவற்றையெல்லாம் அம்மாணவரிடம் சொன்னோம். “யாராவது வந்து தூக்கினார்களா, ஹஜ்ரத்?” என்றுதான் அவரும் முதலில் கேட்டார். நூலை வாங்கிச் சென்றிருக்கிறார். இன்னும் திருப்பித் தரவில்லை. கடையைத் திறந்துவிட்டார் என்று கேள்வி.