‘அல்-அய்யாம்’ காட்டும் பள்ளிக்கூடம்

எகிப்தியப் பேரறிஞர் தாஹா ஹுஸைனின் தன்வரலாறான ‘அல்-அய்யாம்’ நூலின் முதற்பாகம், கண்ணொளி இழந்த சிறுவன் ஒருவன் கிராமத்து ஓதும் பள்ளியில் பயின்ற கதையாகும். ஒன்பது வயதிற்குள் திருமறையை மனனம் செய்தவன், திரும்ப ஓதாமையால் அதை மறந்துவிடுகிறான். விருந்தினர் முன் தந்தை ஓதச் சொன்னபோது நா எழவில்லை. அப்பள்ளியில் ஆசிரியரின் துணையாள் கையூட்டுப் பெறுகிறான். பிற பிள்ளைகளின் பாடம் கேட்கும் பொறுப்பு வந்ததும் சிறுவனும் பெறுகிறான்.

மார்க்கக் கல்வியையே நூலாசிரியர் பழிக்கிறார் என்பாருண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. அவர் சினம் மனனத்தின் மீதன்று. கேட்பாரற்ற பள்ளியின் மீதே.

ஆயினும் ஒரு குறை உண்டு. பெற்றோர் தருவதை நம்பி வாழ்ந்த ஆசிரியரின் பொய்ச் சத்தியத்தைக் கண்டு நகைக்கும் நூல், அதற்கு வறுமையும் காரணமன்றோ என்று வினவவில்லை. ஓதிக்கொடுத்தே நரை கண்ட நமக்கு அந்நகைப்பு உறுத்துகிறது.

1950இல் கல்வியமைச்சரான தாஹா ஹுஸைன், தண்ணீரும் காற்றும் போலக் கல்வியும் அனைவர்க்கும் உரியதென வாதிட்டு, உயர்நிலைப் பள்ளிக் கட்டணத்தை நீக்கினார். நன்று. பிள்ளைக்குக் கட்டணமின்மையோடு ஆசிரியர்க்கு நிலையான ஊதியமும் சேர்ந்தாலன்றிப் பள்ளியில் வாய்மை தங்காது. நூல் சொல்லாமல் விட்ட பாடம் இதுவே.