பழுக்காத நோய்

கலைச்சொல் பற்றிய நமது விவாதங்கள், சொல் தமிழா வடமொழியா என்ற கேள்வியோடு நின்றுவிடுகின்றன. அதைக் கேட்ட நோயாளி அடுத்து என்ன செய்வார் என்று நாம் கேட்பதில்லை. இக்குற்றச்சாட்டில் முதல் எதிரி நான்தான்.

வில்லரேயில் என்னோடு தையல் ஆலையில் வேலைசெய்யும் ஓர் அம்மா, பிரெஞ்சு தெரியுமென்று கண் பரிசோதனைக்கு என்னைக் கூட்டிச்சென்றார். 'குளோக்கோம்' என்றார் மருத்துவர். ஊரில் விரிவுரையாளனாக இருந்தவனுக்குத் 'தெரியாது' என்று சொல்ல நா எழவில்லை. "கண்ணில படலம்" என்றேன். சில மாதங்களில் அவர் சொட்டுமருந்தை நிறுத்திவிட்டார். "படலம் எண்டால் பழுத்தாப்பிறகு வெட்டலாம்தானே சேர்?"

படலம், புரை, வெள்ளை படர்தல் யாவும் நம்மிடையே கற்றராக்டைக் குறிப்பவை. அதில் கலங்குவது கண்வில்லை. வில்லையை மாற்றினால் பெரும்பாலும் பார்வை மீளும். குளோக்கோமாவில் சேதமடைவது பார்வை நரம்பு. போன பார்வை திரும்பாது. எஞ்சியதைக் காக்கவே மருந்து.

படலம் என்ற கருத்துப் பாமரருடையது மட்டுமல்ல. கற்றராக்ட் என்பது வில்லைக்கு முன்னால் படியும் சவ்வு என்றே ஐரோப்பிய மருத்துவரும் நம்பினர். 1705இல் பிரெஞ்சு மருத்துவர் பிறிசோ, இறந்த ஒருவரின் கண்ணை அறுத்து, கலங்கியது வில்லையே எனக் காட்டினார்.

நம்மிடம் முயற்சி இல்லாமலில்லை. 1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிறீன் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார்; 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' வெளிவந்தது. 'கெமிஸ்தம்' என்று பிறமொழிச் சொல்லைத் தமிழ் ஒலியில் ஏற்கவும் அவர் தயங்கவில்லை. அந்த வழி நிலைக்கவில்லை. மருத்துவபீடங்கள் ஆங்கிலத்தில் கற்பித்தன. நமது கலைச்சொற்கள் பரீட்சைத்தாளோடு நின்றன. நான் படித்த 'விழிவெண்படலம்' என்ற சொல்லோ, ஒளி ஊடுருவும் கோர்னியாவை வெண்மை என்கிறது. அங்கும் ஒரு படலம்!

'கண்ணழுத்த நோய்' என்ற பெயரும் போதாது. கண்ணழுத்தம் சாதாரண அளவில் இருக்கும்போதே குளோக்கோமா வரலாம். அளவு சரியென்று கேட்டவர் குணமாகிவிட்டது என்று எண்ணிவிடுவார். ஆகவே குளோக்கோமா என்ற ஒலியையே வைத்துக்கொள்வோம். மருத்துவரின் வாயிலும் மருந்துச்சீட்டிலும் வருவது அதுதான். கூடவே ஒரு வசனம் சேர்ப்போம்: போன பார்வை வராது, மருந்தை நிறுத்தக்கூடாது.

இதைப் பின்னர் அந்த அம்மாவிடம் சொன்னேன். "தெரியாதெண்டு அண்டைக்கே சொல்லியிருந்தா, மொழிபெயர்ப்பாளரைக் கேட்டிருப்பனே சேர்" என்றார்.