ஓலை மெழுகும் உச்சி வெயிலும்

கறுப்புக் காரின் பெயின்டை நேருக்கு நேர் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. வெயில் சாய்ந்த நேரத்தில் பானெட்டின் ஓரமாகக் குனிந்து, கண்ணைத் தகட்டின் மட்டத்துக்கு இறக்கி, அதில் விழும் பிம்பத்தைப் பார்க்க வேண்டும். விளக்குக் கம்பம், மாடிக் கைப்பிடிச் சுவர், ஏதாவது ஒரு நேர்க்கோடு போதும். அந்தக் கோட்டின் விளிம்பு கூராக நிற்கிறதா, பிசிறி மங்குகிறதா என்று முதலில் பார்ப்பேன். அடுத்து சூரியனின் பிம்பத்தைத் தேடுவேன். அதைச் சுற்றி மெல்லிய கீறல்கள் வட்ட வட்டமாகப் படர்ந்திருந்தால், அந்தக் கார் தினமும் காலையில் யார் கையில், எப்படித் துடைபடுகிறது என்பதுவரை ஊகித்துவிடலாம். உண்மையில் அந்தக் கீறல்கள் வட்டமானவை அல்ல. எல்லாத் திசையிலும் தாறுமாறாகக் கிடப்பவைதான். ஒளிக்குக் குறுக்கே கிடப்பவை மட்டும் மின்னுவதால் வட்டம்போலத் தோன்றுகின்றன.

தண்ணீர் தொடாமல், இரவெல்லாம் படிந்த தூசியோடு சேர்த்து மஞ்சள் துணியால் இழுத்துத் துடைப்பது நம் ஊர்க் காலைச் சடங்கு. தூசியில் மணல் இருக்கிறது. காரின் மேற்பூச்சைவிட மணல் கடினமானது. பத்து வருடம் அப்படித் துடைபட்ட காரைவிட, பத்து நாள் தூசியோடு சும்மா நின்ற காரின் பெயின்ட் நன்றாக இருக்கும். துடைப்பவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு வாளித் தண்ணீரில் ஏழெட்டுக் கார்களை முடிக்க வேண்டிய பிழைப்பு அது.

இன்றைய கார்களில் நிறம் என்பது ஒற்றைப் பூச்சு அல்ல. தகட்டின்மேல் பாஸ்பேட் படலம். அதற்கு மேல், காரின் கூட்டையே தொட்டியில் முக்கி மின்சாரத்தால் ஒட்டவைக்கும் துருத்தடுப்புப் பூச்சு. பிறகு பிரைமர், நிறம் தரும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கிளியர் கோட். அத்தனையும் சேர்ந்து ஏறக்குறைய 100 முதல் 150 மைக்ரான்தான். அதில் கிளியர் கோட்டின் பங்கு 35 முதல் 50 மைக்ரான். தலைமுடியைவிட மெல்லிய அந்தப் படலம்தான் வெயில், மழை, காக்கை எல்லாவற்றையும் எதிர்கொள்கிறது. பழைய கார் வாங்கப் போகிறவர்கள் கையில் ஒரு சிறு மீட்டரோடு கதவு கதவாக வைத்துப் பார்ப்பதும் இந்தக் கணக்கை நம்பித்தான். எங்காவது 250, 300 என்று காட்டினால் அந்த இடம் டிங்கரிங் பார்த்து, பட்டி போட்டு, மறுபடி பெயின்ட் அடித்தது.

முன்பு கதை வேறு. டூபாண்ட் நிறுவனம் 1923இல் கொண்டுவந்த டூகோ லாக்கர்தான், வாரக்கணக்கில் காய்ந்துகொண்டிருந்த கார்களைச் சில மணி நேரத்தில் காயவைத்து, கறுப்பு தவிர மற்ற நிறங்களுக்கும் வழி திறந்தது. நம் தச்சர்கள் அலமாரிக்கு அடிக்கிற பெயின்டையும் இன்றுவரை டூகோ என்றே சொல்கிறார்கள். அந்தக் காலப் பூச்சுகளில் கிளியர் கோட் கிடையாது. நிறமே வெளியே நின்றது. பழைய சிவப்பு பத்மினி காருக்கு வாக்ஸ் போட்டால் துணி சிவந்துவிடும். பெயின்டே போகிறதே என்று பதறத் தேவையில்லை. வெயிலில் மாண்டுபோன மேல்தோல் உரிந்து, அடியில் இருக்கும் உயிருள்ள சிவப்பு வெளிவருகிறது என்று பொருள். அந்த நேரத்தில் ரோஜா நிறத்துக்கு வெளுத்திருந்த ஃபெண்டர், துணி போகிற வழியெல்லாம் குங்குமச் சிவப்பாக மாறுவதைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். கிளியர் கோட் வந்தபின் அந்த இன்பம் போய்விட்டது. இன்றைய காரில் துணி நிறம் மாறினால் அது அழுக்கு.

வெயில் என்ன செய்கிறது? புற ஊதாக் கதிர் கிளியர் கோட்டின் பிணைப்புகளை மெல்ல மெல்ல அறுக்கிறது. அதைத் தாங்குவதற்கென்றே கதிரை உறிஞ்சும் வேதிப்பொருள்களையும், அறுந்த பிணைப்பால் சேதம் பரவாமல் தடுக்கும் வேறு சிலவற்றையும் பூச்சுக்குள் கலந்திருப்பார்கள். அவை செலவாகித் தீரும் காலம் வரும். அப்போது முதலில் கெடுவது கூரையும் பானெட்டும். வானத்தைப் பார்த்துப் படுத்திருப்பவை அவை. வெள்ளையாகத் தேமல் படர்ந்து, பிறகு பொருக்குப் பொருக்காகக் கிளம்பும். அந்த நிலைக்கு வந்தபின் எந்த வாக்ஸும் உதவாது. உரித்துவிட்டு மறுபடி பெயின்ட் அடிப்பதுதான் வழி.

வெயில் மட்டுமா? போர் தண்ணீரில் கழுவித் துடைக்காமல் விட்டால், நீர் ஆவியாகி சுண்ணாம்புச் சத்து வட்டத் தழும்பாக நிற்கும். தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்தினால் பிசுபிசுப்பு. கடற்கரைச் சாலை வீடுகளில் உப்பு. பறவை எச்சத்தின் அமிலம் பாதிக் கேடுதான். வெயிலில் இளகி விரிந்த பூச்சு, சாயங்காலம் குளிர்ந்து சுருங்கும்போது காய்ந்த எச்சத்தின் சொரசொரப்பையே அச்சாக வாங்கிக்கொள்கிறது. அதனால்தான் எச்சத்தைக் கழுவியபின்னும் அதன் வடிவம் பெயின்டில் நிற்கிறது.

கடைக்காரர்கள் முகம் சுளிக்கும் உண்மை ஒன்றைச் சொல்ல வேண்டும். வாக்ஸ் வெயிலைத் தடுக்கும் என்பது பாதி வாய்ப்பேச்சு. நன்றாகத் துடைத்தெடுத்தபின் நிற்கும் மெழுகுப் படலம் ஒரு மைக்ரான்கூட இருக்காது. புற ஊதாக் கதிருக்கு அது பெரிய அணை அல்ல. வெயிலுக்கு மருந்து நிழல்தான், இல்லாவிட்டால் உறை. மெழுகு தடுப்பது வெயிலோடு வருகிற மற்றவற்றை: எச்சம், பிசின், உப்பு, காய்ந்த தண்ணீர். பெயின்டைத் தின்ன வேண்டியவை முதலில் மெழுகைத் தின்கின்றன. தேய்ந்து போவதுதான் அதற்குக் கொடுத்திருக்கும் வேலை. எவ்வளவு நாள் நிற்கும் என்று மட்டும் கேட்டு வாங்குபவர்கள் அந்த வேலையைப் புரிந்துகொள்ளவில்லை.

மெழுகுகளில் கார்க்காரர்கள் கொண்டாடுவது கார்னாபா. வடகிழக்கு பிரேசிலின் சியாரா, பியாவி மாநிலங்களில் வளரும் ஒரு பனையிலிருந்து அது வருகிறது. நம் பனைபோல விசிறி ஓலை கொண்ட மரம். மாதக்கணக்கில் மழையே காணாத அந்த நிலத்தில், உள்ளிருக்கும் ஈரம் வெயிலில் போய்விடாமலிருக்க ஓலையின்மேல் மரமே மெழுகு பூசிக்கொள்கிறது. வறட்சிப் பருவத்தில், நீண்ட கழியின் நுனியில் கட்டிய வளைந்த கத்தியால் ஓலையை அறுத்து, தரையில் பரப்பி உலர்த்துகிறார்கள். ஓலை சுருங்கச் சுருங்க மெழுகு பொடியாகக் கழன்றுகொள்ளும். தட்டி உதிர்த்து, உருக்கி, வடிகட்டி, கட்டியாக்குகிறார்கள். ஒரு ஓலையில் கிடைப்பது சில கிராம்தான். விரியாத குருத்தோலையின் மெழுகு வெளிர்மஞ்சளாக இருக்கும். அதுதான் முதல் தரம். முற்றிய ஓலையினுடையது பழுப்பு. அந்த வெளிர்மஞ்சளுக்குத்தான் விலை உயர்ந்த டப்பாக்கள் பெருமைப்படுகின்றன. அந்த ஓலைக் காடுகளில் கொத்தடிமை நிலையில் கிடந்த கூலிகளை பிரேசில் தொழிலாளர் துறை அதிகாரிகள் மீட்டிருக்கிறார்கள் என்பதையும் டப்பாவின் பெருமையோடு சேர்த்து நினைவில் வைக்க வேண்டும்.

கார்னாபாவின் மதிப்பு அதன் கடினத்தில் இருக்கிறது. தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். கார்னாபா 82 முதல் 86 வரை தாங்கும். சித்திரை மதியத்தில் கறுப்பு பானெட்டில் கை வைத்துப் பார்த்தவர்களுக்கு இந்த இருபது டிகிரியின் அருமை புரியும். ஆனால் அந்தக் கடினமே ஒரு தொல்லையும்கூட. கலப்பில்லாத கார்னாபாவைத் தேய்க்கவே முடியாது. தரையில் போட்டால் சில்லாக உடையும். எனவே டப்பாவில் இருப்பதில் பெரும்பகுதி கரைப்பானும் எண்ணெயும் மற்ற மெழுகுகளும்தான். நூறு சதவீதம் கார்னாபா என்று அட்டையில் போட்டிருந்தால், கலந்திருக்கும் கார்னாபாவில் கலப்பில்லை என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த மரத்துக்காக ஒருவர் விமானமே ஏறியிருக்கிறார். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், ரசீன் நகரத்தில், தரை மெழுகு செய்து கொழித்த ஜான்சன் நிறுவனத்தின் தலைவர் ஹெர்பர்ட் ஜான்சன், 1935இல் நீரிலும் நிலத்திலும் இறங்கக்கூடிய சிக்கோர்ஸ்கி எஸ்-38 விமானத்தில் பிரேசிலுக்குப் பறந்தார். தங்கள் வியாபாரத்துக்குப் போதுமான கார்னாபா தொடர்ந்து கிடைக்குமா என்று நேரில் பார்ப்பதற்காக. அந்த வகை விமானம் அபூர்வமாகிவிட்ட பின், அவர் மகன் சாம் ஜான்சன் அதே மாதிரியில் ஒன்றைப் புதிதாகக் கட்டுவித்து, 1998இல் அப்பா போன வழியே போய்வந்தார். மெழுகு விற்றுச் சம்பாதித்த பணத்தை இதைவிட அழகாகச் செலவழித்தவர்கள் இருப்பதாகத் தெரியவில்லை.

இனி கைவேலை. வாக்ஸ் போடுவதில் வாக்ஸ் போடுவது கடைசிக் கால்பங்கு. முதலில் கழுவல். கார் ஷாம்பு ஒரு வாளியில், கையுறையை அலசும் வெறும் தண்ணீர் இன்னொரு வாளியில். மேலிருந்து கீழாக வர வேண்டும், ஏனென்றால் மண்ணெல்லாம் கீழ்க் கதவிலும் பம்பரிலும்தான். பாத்திரம் தேய்க்கும் சோப்பு, இருக்கிற பழைய மெழுகையும் வலுவிழக்கச் செய்யும். புதிதாகப் போடுகிற அன்றைக்கு மட்டும் அதை மன்னிக்கலாம். ஈரம் துடைத்தபின், கையை ஒரு மெல்லிய பாலிதீன் பைக்குள் விட்டு, பெயின்டை வருடிப் பார்க்க வேண்டும். வெறும் விரலுக்குப் புலப்படாத சொரசொரப்பெல்லாம் பைக்குள் இருக்கும் விரலுக்குப் புலப்படும். ரயில் பாதை இரும்புத் துகள், தார்ப் புள்ளி, காய்ந்த பிசின். அவற்றை இழுத்தெடுக்க களிமண் பதத்தில் ஒரு கட்டி இருக்கிறது. சோப்புத் தண்ணீர் தெளித்து அதை ஓட்டினால், ஆரம்பத்தில் சரசரவென்று கேட்கும் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கும். இந்தத் தொழிலில் காதுக்கும் வேலை உண்டு.

கீறல் இருந்தால் அடுத்தது ரப்பிங், அதாவது பாலிஷ். பிம்பத்தின் விளிம்பு கூராவது இங்கேதான். மெழுகில் அல்ல. பள்ளத்தை நிரப்புவதில்லை; பள்ளத்தின் அடிவரை சுற்றுப்புறத்தைச் சீவி எடுக்கிறோம். ஒவ்வொரு முறையும் ஓரிரு மைக்ரான் போகும். கையிருப்போ மொத்தமே நாற்பது சொச்சம். சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் இலவசமாக ரப்பிங் போட்டுத் தருகிறோம் என்பவரிடம் வேண்டாம் என்று கும்பிட்டுவிடுவது நல்லது. நல்ல கைக்காரர் எடுப்பதைவிட விட்டுவைப்பதில்தான் தெரிவார். ஆழமான கீறல் ஒன்றைப் பார்த்து, இது இப்படியே இருக்கட்டும் சார் என்று சொல்கிறவரை நம்பலாம்.

பிறகுதான் மெழுகு. நிழலில், தகடு உள்ளங்கைக்குக் குளிர்ச்சியாக இருக்கும்போது. ஸ்பாஞ்சில் மெழுகு ஒட்டியிருப்பது தெரிந்தால் போதும். தோசைக்கல்லில் வெங்காயத்தால் எண்ணெய் தடவுகிற அளவு. அள்ளி அப்பியவர்கள் அதைத் துடைத்தெடுக்க மல்லுக்கட்டுவார்கள், அவ்வளவுதான் லாபம். ஒரு நேரத்தில் ஒரு கதவு. சில நிமிடத்தில் பனி படர்ந்த மாதிரி மங்கலாகும். கடலோரப் புழுக்கத்தில் கூடுதல் நேரம் பிடிக்கும், அவசரப்படக் கூடாது. விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்த்தால், கோடு சுத்தமாக விழுந்தால் பதம். இழுபட்டுப் பிசுபிசுத்தால் இன்னும் இல்லை. பதம் வந்தபின் மைக்ரோஃபைபர் துணியை நாலாக மடித்து, அழுத்தாமல், அதன் எடையிலேயே ஓட்டினால் மூட்டம் விலகி உள்ளிருந்து நிறம் எழுந்துவரும். கருஞ்சிவப்பு, கரும்பச்சை, கறுப்பு ஆகிய மூன்றில்தான் கார்னாபாவின் முழுக் குணத்தையும் பார்க்கலாம். நிறத்துக்குள் ஓர் ஆழம், லேசான ஈரம். கருவியில் அளந்தால் மற்றப் பூச்சுகளுக்கும் இதற்கும் வித்தியாசம் மிகச் சிறியது என்பார்கள். இருக்கட்டும்.

செயற்கைப் பாலிமரால் ஆன சீலன்ட் இன்னும் கண்ணாடித்தனமானது, கொஞ்சம் குளிர்ந்த பளபளப்பு. வெள்ளியும் சாம்பலும் அதில் எடுபடும். நம் வெயிலில் மெழுகு சில வாரங்களில் தளர்ந்துவிடும், சீலன்ட் சில மாதங்கள் நிற்கும். தினமும் வெயிலில் நிற்கும் காருக்கு சீலன்ட்தான் சரி. இதில் ரசனையைக் கொண்டுவந்து அடம்பிடிக்க வேண்டியதில்லை. செராமிக் கோட்டிங் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. சிலிக்கா சார்ந்த அந்தப் பூச்சு கிளியர் கோட்டோடு பிணைந்து வருடக்கணக்கில் நிற்கக்கூடியது, சரியாகப் போட்டால். 9எச் கடினம் என்று அவர்கள் காட்டுவது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனை. வைரத்தோடு ஒப்பிடும் அளவுகோல் அல்ல. சாவியால் கோடு போட்டால் கோடு விழும். என் குறை வேறு. கோட்டிங் போட்டவர் காரைத் தொடுவதையே விட்டுவிடுகிறார். கதவின் கீழ்மடிப்பில் துரு எட்டிப் பார்ப்பது, கூரையின் ஓரத்தில் பெயின்ட் கொப்பளிப்பது இதெல்லாம் மெழுகு தேய்க்கிற கைக்குத்தான் முதலில் தெரியும்.

மெழுகு இருக்கிறதா, போய்விட்டதா என்று தண்ணீர் சொல்லும். புதிதாகப் பூசிய பானெட்டில் முதல் தூறல் குட்டி குட்டி மணிகளாகத் திரண்டு நிற்கும். தாமரை இலையிலும் சேம்பு இலையிலும் நீர் ஒட்டாமலிருப்பதற்கும் அடிப்படை இலையின்மேல் இருக்கும் மெழுகுதான், அதன் நுண்ணிய மேடுபள்ளத்தோடு சேர்ந்து. வேகமெடுத்ததும் மணிகள் கண்ணாடியை நோக்கி ஓடி, வழியில் ஒன்றையொன்று விழுங்கிக்கொண்டு போவதை, ஓட்டுகிறவர் பார்க்காமலிருப்பது பாதுகாப்பு. மணிகள் ஒழுங்கிழந்து பெருத்துப் பரவத் தொடங்கினால் மெழுகு போய்க்கொண்டிருக்கிறது. ஒன்று மட்டும்: மணியாக நிற்பது கண்ணுக்கு அழகு, பெயின்டுக்கு நல்லதல்ல. மழை விட்டு வெயில் அடித்தால் அந்த மணிகளே தழும்பாகக் காயும். நிறுத்தியதும் துடைத்துவிட வேண்டும்.

வருடத்துக்கு இரண்டு முறைதான் முடியும் என்பவர்கள், பங்குனிக்குள் ஒன்று, ஐப்பசி மழைக்கு முன் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். அதுவும் முடியாதென்றால் பங்குனியில் கூரை, பானெட், டிக்கி மூடி மட்டும், கதவுகள் காத்திருக்கும். வெள்ளைக் காருக்கு எதற்கு, போட்டாலும் தெரியாதே என்று கேட்பார்கள். தெரியாதுதான். பூசுவதற்கு முன்னும் பூசிய பின்னும் வெள்ளை வெள்ளையாகவே இருக்கும். வித்தியாசம் விரலுக்கும் அடுத்த முறை கழுவுகிறவருக்கும் மட்டுமே. இருந்தும் ஞாயிற்றுக்கிழமை காலையில், நிழலாகப் பார்த்து நிறுத்தி, வெள்ளைக் காருக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருக்கும் யாரையாவது பார்த்தால் நான் வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் போய்ப் பேச்சுக் கொடுப்பேன். அவரிடம் எந்த டப்பா, எந்தத் துணி என்று கேட்டுத் தெரிந்துகொள்ள நிறைய இருக்கும்.