ஒன்பதாவது பாட்டில் நிறம்

உறையூரில் பிறந்த திருப்பாணாழ்வார் அரங்கனைப் பாடியது பத்தே பாட்டு. அமலனாதிபிரான் என்று அதற்குப் பெயர். முதல் பாட்டில் பாதம். அடுத்து அரையில் உடுத்திய ஆடை, உந்தி, வயிற்றைச் சுற்றிய உதரபந்தம், மார்பு, கழுத்து, வாய், கண் என்று பார்வை நிதானமாக மேலேறுகிறது. மேனியின் கருநீலம் அவர் நெஞ்சைப் பறித்துக்கொள்வது ஒன்பதாவது பாட்டில். பத்தாவதில், இதைக் கண்ட கண் இனி வேறொன்றைக் காணாது என்று சொல்லி முடித்துவிடுகிறார்.

பார்க்கத் தெரிந்தவரின் வரிசை இது. முழுதாகப் பார்த்து முடித்தவருக்குத்தான் நிறம் தெரியும். அப்போது அது குறையாகத் தெரிவதில்லை, மயக்குகிறது. நம் தொலைக்காட்சித் தொடர்களுக்கு அந்தப் பொறுமை கிடையாது. அங்கே நிறம்தான் முதல் பாட்டு. கதாநாயகி கறுப்பு என்றால், அவள் வாய் திறப்பதற்கு முன்பே பெண் பார்க்க வந்தவர்களின் முகம் சுளிக்கும். "பொண்ணு கொஞ்சம் நிறம் கம்மிதான்" என்று ஒரு அத்தை இழுப்பார். பின்னணியில் வயலின் அழும். அவள் எப்படிச் சிரிக்கிறாள், எதில் கெட்டிக்காரி, எதற்குக் கோபப்படுவாள் என்பதற்கெல்லாம் இடம் பிறகுதான்.

ஆனாலும் இந்தக் கறுப்பு நாயகித் தொடர்களை அலட்சியமாகத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. திருச்சி தில்லைநகர் அடுக்ககத்திலும் ஸ்ரீரங்கம் சித்திரை வீதியின் பழைய வீட்டுக் கூடத்திலும் ஒரே நேரத்தில் ஒரே முகத்தைப் பார்க்கவைத்தவை அவை. அவற்றுக்கு நடுவே சில இடங்களில், எழுதியவர்களே எண்ணாத அழகு எட்டிப் பார்த்திருக்கிறது.

இந்தக் கதைக்கு ஊற்று கேரளம். ஏஷியாநெட்டில் 2014இல் தொடங்கிய 'கருத்தமுத்து' தெலுங்கில் 'கார்த்திக தீபம்' ஆனது; விஜய் டிவியில் 2019 பிப்ரவரியில் 'பாரதி கண்ணம்மா'வாக வந்தது. டாக்டர் பாரதிக்குக் கண்ணம்மா மேல் காதல். அவன் அம்மா சௌந்தர்யாவுக்குக் கறுப்பென்றாலே ஆகாது. இரண்டு ஆண்டு கழித்து, 2021 பிப்ரவரியில் சன் டிவியில் 'சுந்தரி' வந்தது. கிராமத்துப் பெண், கலெக்டராகும் கனவு. கட்டாயத்துக்குத் தாலி கட்டிய கணவனோ அவளை மறைத்துவிட்டு, தன் மனசுக்குப் பிடித்த சிவப்பான பெண்ணை இரண்டாவதாகக் கட்டிக்கொள்கிறான்.

முதலில் ஒப்பனையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலையாளத்திலும் தெலுங்கிலும் நாயகியாக நடித்தவர் பிரேமி விஸ்வநாத். திரையில் நாம் கண்ட அந்தக் கறுப்பில் ஒப்பனைக்குப் பெரிய பங்கு உண்டு. 2019இல் வந்த 'ஐரா' படத்தில் பவானி பாத்திரத்துக்காக நயன்தாராவும் அப்படித்தான் கறுப்பாக்கப்பட்டார். அதே படத்தில் பவானியின் இளம்பருவத்தை நடித்தவர் கேப்ரியல்லா செல்லஸ். அவருக்குப் பூச்சு தேவைப்படவில்லை. ஒரே பாத்திரத்தில் பூசிய கறுப்பும் பிறவிக் கறுப்பும் அடுத்தடுத்து நின்றதால், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க நமக்கு வாய்ப்புக் கிடைத்தது. அந்த கேப்ரியல்லாதான் பின்னால் சுந்தரி.

பூசிய கறுப்பு ஒரே கறுப்பு. நெற்றி, கன்னம், மோவாய் எல்லாம் ஒரே டப்பாவிலிருந்து வந்தவை. நிஜத்தில் கறுத்த முகம் அப்படி இருப்பதில்லை. கன்ன எலும்பின் மேல் ஒரு மினுக்கம், கண்ணுக்குக் கீழே ஒரு அடர்த்தி, உதட்டோரம் வேறொரு பழுப்பு, உள்ளங்கையில் இளஞ்சிவப்பு. சுந்தரி சிரிக்கும்போது இத்தனையும் இடம் மாறும். அதனால்தான் அவர் வசனம் இல்லாமல் நிற்கும் நொடிகளிலும் முகம் பேசிக்கொண்டே இருந்தது. 'பாரதி கண்ணம்மா'வில் ரோஷினி ஹரிப்ரியனுக்கும் இந்த வரம் உண்டு. பெரிய கண்கள், அந்த மேனியில் கண்ணின் வெள்ளை பளிச்சென்று நிற்கும். கோபத்துக்கு அவர் குரலை உயர்த்தவே வேண்டியதில்லை.

இத்தனை இருந்தும் தொடர்களின் விளக்கு இந்த முகங்களுக்கு நியாயம் செய்யவில்லை. தினம் ஒரு பகுதி முடித்தாக வேண்டிய அவசரத்தில், கூடம் முழுவதும் நாலா பக்கமும் வெளிச்சம் போட்டுவிடுகிறார்கள். யார் எங்கே நின்றாலும் முகம் தெரியும். நிழல் மட்டும் இருக்காது. சிவந்த முகம் அதில் எப்படியோ தப்பிவிடும். கறுத்த முகம் தட்டையாகிவிடும். பவுடர் சாம்பல் பூத்தாற்போல் நிற்கும்.

கறுப்புக்கு எப்படி வெளிச்சம் காட்ட வேண்டும் என்பதைக் கற்றுக்கொள்ள நம் ஊரில் ஓர் இடம் இருக்கிறது. ஸ்ரீரங்கத்து மூலவரான பெரிய பெருமாள் சுதைத் திருமேனி. அதனால் மூலவருக்கு நீரால் திருமஞ்சனம் கிடையாது. ஆனி மாத ஜ்யேஷ்டாபிஷேகத்தை ஒட்டித் தைலக்காப்பு சாத்துவார்கள். அந்தத் தைலத்தில் ஊறிய கருமை, கருவறை இருட்டுக்குள் இன்னொரு இருட்டாகச் சயனித்திருக்கும். அர்ச்சகர் தீபத்தைத் திருமுகத்தருகே நீட்டும்போது மூக்கின் ஒரு விளிம்பு, கன்னத்தின் வளைவு, இதழின் ஓரம் என்று ஒவ்வொன்றாகப் புறப்பட்டு வரும். ஒற்றை விளக்கு, அதுவும் பக்கவாட்டில். வெள்ளைச் சுவரில் பட்டால் சிதறிப்போகும் ஒளி அந்தக் கருமையில் பட்டால் நின்று வழிகிறது. நூறு விளக்கைப் போடும் ஒளிப்பதிவாளர் ஒருநாள் இந்த வரிசையில் நின்றுவிட்டுப் போனால் போதும்.

இனி, தமிழ்நாடே கேலி செய்த ஒரு காட்சி. கணவன் தன் கற்பைச் சந்தேகப்பட்டதும், வயிற்றில் பிள்ளையோடு கண்ணம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டைவிட்டு நடந்தாள். நடந்தாள், நடந்தாள், எபிசோடு எபிசோடாக நடந்தாள். 2020இல் மீம்ஸ் போட்டவர்கள் அவளை உலகமெல்லாம் நடக்கவிட்டார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தத் தொடரிலேயே ஆகச் சிறந்த காட்சி அதுதான் என்பது என் கட்சி.

காரணம் இருக்கிறது. அதுவரை கண்ணம்மாவை நாம் மற்றவர்களின் கண் வழியாகவே பார்த்துவந்தோம். மாமியார் முகம் சுளித்தால் மூன்று முறை ஜூம், வில்லி வெண்பா புருவத்தைத் தூக்கினால் மூன்று முறை ஜூம், நடுவில் இவளுடைய கண்ணீர். தெருவில் இறங்கியதும் அந்தக் கண்கள் எல்லாம் கழன்று விழுந்துவிட்டன. செட்டு விளக்கு இல்லை, நிஜ வெயில். நெருக்கக் காட்சிக்குப் பதில் தலையிலிருந்து கால்வரை முழு ஆள். அவளை அழகு என்றோ அழகில்லை என்றோ சொல்ல அங்கே ஆளே இல்லை. வேகமாக, நிமிர்ந்து, யாரையும் திரும்பிப் பார்க்காமல் ஒரு கறுத்த பெண் நடக்கிறாள். தமிழ்த் தொலைக்காட்சி அவ்வளவு நேரம் அப்படி ஒரு பெண்ணைப் பார்த்ததில்லை.

இதற்கு எதிர்முனையில் கண்ணாடிக் காட்சி. கறுப்பு நாயகியின் கதை எதுவானாலும் இது வந்தே தீரும். அவமானப்பட்டு வந்தவள் நிலைக்கண்ணாடி முன் நின்று கன்னத்தைத் தேய்த்துப் பார்த்து அழுவாள். ஊரார் சொன்னதை அப்படியே ஒப்பிக்கும் ஆளாகக் கண்ணாடி மாறிவிடும். அந்த அழுகை முடிந்ததும் விளம்பர இடைவேளை. அங்கே இன்னொரு முகம் வெளுத்துக்கொண்டிருக்கும். 1975இல் சந்தைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி, 2020இல் க்ளோ அண்ட் லவ்லி என்று பெயரை மாற்றிக்கொண்டது. நிறத்தைக் காரணமாக்கி யாரையும் தாழ்த்திக் காட்டக் கூடாது என்று விளம்பரத் தர மன்றம் விதி வகுத்தது 2014இல். சென்னையிலிருந்து கவிதா இம்மானுவேல் கறுப்பும் அழகே என்ற இயக்கத்தைத் தொடங்கியது அதற்கும் முன்னால், 2009இல். பலகையில் பெயர் மாறியிருக்கிறது; ஆனால் திருச்சி என்.எஸ்.பி. ரோட்டில் ஜவுளிக்கடை, நகைக்கடை விளம்பரங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தால், முகத்தின் நிறம் அவ்வளவாக மாறவில்லை என்பது விளங்கும்.

கண்ணாடி முன் நிற்கும் பெண்ணை வேறு விதமாகவும் காட்டலாம் என்பதற்குச் சாட்சி ஸ்ரீரங்கம் கோயிலிலேயே இருக்கிறது. வேணுகோபாலன் சந்நிதியின் வெளிச்சுவரில் வீணையோடு ஒருத்தி, கிளியோடு ஒருத்தி, கண்ணாடியோடு ஒருத்தி. கண்ணாடிக்காரியை நின்று பாருங்கள். அவள் நம்மைப் பார்க்கவில்லை. நம் அபிப்பிராயத்துக்கும் காத்திருக்கவில்லை. இடுப்பை ஒசித்து, உடம்பின் பாரத்தை ஒரு காலில் இறக்கிவைத்துவிட்டு, தன் அலங்காரத்தைத் தானே சரிபார்த்துக்கொள்கிறாள். தன் முகம் தனக்குப் பிடித்த ஒருத்தியின் நிதானம் அந்தக் கல்லில் இருக்கிறது. சிற்பிக்கு அதைச் செதுக்கத் தெரிந்தது. வசனகர்த்தாவுக்கு இன்னும் எழுதத் தெரியவில்லை.

காதலுக்கு வருவோம். அழகில் மயங்கிய கணவன் என்றால் இந்த ஊருக்கு உறங்காவில்லி நினைவுக்கு வருவான். உறையூர் மல்லன். மனைவி பொன்னாச்சியின் கண்ணழகில் கிறங்கி, அவள் முகத்தில் வெயில் படாமல் குடை பிடித்துக்கொண்டு, ஊர் சிரிப்பதையும் பொருட்படுத்தாமல் திருவிழாக் கூட்டத்தில் போனவன். ராமாநுஜர் அவனைக் கூப்பிட்டு, இதைவிட அழகான கண் காட்டுகிறேன் என்று அரங்கன் முன் நிறுத்தியதாகக் குருபரம்பரைக் கதை சொல்கிறது. பலரும் கதையை இந்த இடத்தில் முடித்துவிடுவார்கள். எனக்குப் பிடித்தது அடுத்த காட்சி. ராமாநுஜர் சொல்லியனுப்பிய சீடர்கள் இரவில் வந்து, தூங்கும் பொன்னாச்சியின் நகைகளைக் கழற்றுகிறார்கள். விழித்தே கிடந்த அவள், மறுபக்கத்து நகைகளையும் எடுத்துக்கொள்ளட்டும் என்று புரண்டு படுக்கிறாள். அவர்கள் பயந்து ஓடிவிடுகிறார்கள். முதல் காட்சியில் அவள் பார்க்கப்படும் கண். இரண்டாவதில் நகையும் அழகும் தனக்குப் பெரிதில்லை என்று தானே காட்டும் ஆள். நாயகியின் அழகை நாயகன் ஒப்புக்கொண்டதோடு நம் தொடர்கள் நிம்மதி அடைந்துவிடுகின்றன. அவளுக்கென்று அந்த இரண்டாவது காட்சியை எழுதுவதில்லை.

இரண்டு மனைவிக் கதைக்கும் இங்கே மூலம் உண்டு. பங்குனியில் ஆயில்யத்தன்று உற்சவரான நம்பெருமாள் உறையூருக்குப் போய்க் கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தி காண்பார். உத்திரத்தன்று தாயார் சந்நிதிக்கு வந்தால் ரங்கநாயகித் தாயார் கதவை அடைத்துவிடுவார். மட்டையடி என்று ஊர் சொல்லும் பிரணய கலகம் இது. விரலில் மோதிரம் காணோம். கண் ஏன் சிவந்திருக்கிறது, குழல் ஏன் கலைந்திருக்கிறது, இதழ் ஏன் வெளுத்திருக்கிறது என்று தாயார் பக்கத்திலிருந்து கேள்வி. உலகத்தைக் காக்கக் கண்விழித்தேன், காற்றடித்தது, சங்கு ஊதினேன் என்று பெருமாள் பக்கத்திலிருந்து சமாளிப்பு. கடைசியில் நம்மாழ்வார் வந்து சமாதானம் செய்துவைக்க வேண்டியிருக்கிறது. இந்தச் சண்டையில் தலைமுதல் ஆராயப்படும் உடம்பு கணவனுடையது. அவளைவிட நான் எதில் குறைந்தேன் என்று தாயார் அழுவதில்லை. குற்றம் யாருடையதோ அவரைக் கதவுக்கு வெளியே நிற்கவைக்கிறார்.

'சுந்தரி' இந்த இடத்துக்குக் கொஞ்சம் கிட்டே வந்தது. கணவனின் குட்டு தெரிந்த பிறகும் அவள் நிறத்தை மாற்றிக்கொள்ள ஓடவில்லை. புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தாள், கலெக்டரும் ஆனாள். அவள் படிக்கும் காட்சிகளில் நிறத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. நமக்கும் அது ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை. 'பாரதி கண்ணம்மா'வோ நிறத்தில் தொடங்கி, சந்தேகத்தில் சறுக்கி, டிஎன்ஏ பரிசோதனையை ஆண்டுக்கணக்கில் இழுத்து, தான் எழுப்பிய கேள்வியையே மறந்துவிட்டது.

என் தீர்ப்பு இதுதான். இந்தத் தொடர்களில் "நீ அழகுதான் கண்ணம்மா" என்று நாயகன் உருகும் வசனங்கள் எதுவும் நிற்காது. அழகுச் சான்றிதழ் தரும் உரிமை இன்னும் அவனிடமே இருப்பதைத்தான் அவை சொல்கின்றன. நிற்கப்போவது கண்ணம்மாவின் நடையும் சுந்தரியின் படிப்பும். அடுத்த கறுப்பு நாயகியை எழுதப்போகிறவர்கள், அவள் நிறத்தைப் பற்றி முதல் நூறு எபிசோடுகளுக்கு யாரையும் பேசவிடாமல் எழுதிப் பாருங்கள். பார்க்க நாங்கள் தயார்.