பாரதம் எல்லாருக்கும், ஊர் யாருக்கு?

பங்குனி பிறந்துவிட்டால் செஞ்சியிலிருந்து திண்டிவனம், பெருமுக்கல் வழியாக மரக்காணம் உப்பளம் வரைக்கும், ஏதாவது ஓர் ஊரில் “பாரதம் வச்சிருக்காங்க” என்ற பேச்சு அடிபடும். ஆடி வரைக்கும் ஓயாது. திரௌபதியம்மன் கோயிலில் கொடி ஏற்றி, பகலில் பிரசங்கம், இரவில் விடிய விடிய கூத்து, கடைசி நாள் படுகளமும் தீமிதியும். திரௌபதி வழிபாட்டின் மூலத்தலமாகவே செஞ்சி வட்டாரத்தைக் கருதினார் அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்ட்பைட்டல்.

இந்தத் திருவிழாவை முதலில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடமாகத்தான் மதிக்க வேண்டும். பிரசங்கியார் கையிலிருப்பது வில்லிபாரதம். அதை எழுதிய வில்லிபுத்தூரார் இதே திருமுனைப்பாடி நாட்டுச் சனியூர்க்காரர். வடசொல் மண்டிய, சந்தி பிரிக்காமல் விளங்காத அந்த விருத்தங்களை ராகத்தோடு பாடி, பதம் பிரித்து, ஊர்ப்பேச்சில் பொருள் சொல்கிறார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத கிழவிகூடப் பாட்டின் அடுத்த சீரை முணுமுணுப்பாள். தமிழ் எம்.ஏ. வகுப்பில் இது நடக்கிறதா என்று நான் கேட்கப்போவதில்லை.

கூத்தில் இன்னும் நுட்பமான வேலை நடக்கிறது. புஜக்கட்டையும் கிரீடமுமாகத் திரைக்குப் பின்னால் நின்று துரியோதனன் தன் பெருமையைச் செந்தமிழில் பாடுவான். கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் விடமாட்டான்: “அதெல்லாம் இருக்கட்டும், நீ யாரு, எந்த ஊரு?” ராஜா பதில் சொல்லியே ஆக வேண்டும். உயர்ந்த மொழி, தாழ்ந்த மொழி என்ற அடுக்கை ஓர் இரவு முழுக்கக் கேலி செய்யும் இந்த ஏற்பாடு, கேட்பவனுடைய கொச்சைக்கும் மேடையில் ஓர் இடம் தருகிறது.

குறை கூத்தில் இல்லை, வரி நோட்டில் இருக்கிறது. பாரதச் செலவு தலைக்கட்டு வரியாக வசூலாகும். யாரிடம் வரி வாங்குகிறார்களோ அவர்களே ஊர். பல ஊர்களில் தலித்துகள் வாழும் காலனி வீடுகளிடம் வரி வாங்குவதில்லை. பார்த்தால் சலுகை மாதிரி இருக்கும். வரி இல்லையென்றால் மண்டகப்படி இல்லை, முறை இல்லை, கோயிலுக்குள் நிற்க வழியும் இல்லை. கிருஷ்ணன் தூதில் கண்ணன் பாதி நாடு கேட்டு, ஐந்து ஊர் கேட்டு, கடைசியில் ஐந்து வீடாவது கொடு என்று இறங்கி வரும்போது கண்ணைத் துடைத்துக்கொள்கிற கூட்டம்தான், விடிந்ததும் ஒரு தெருவின் வரியை வாங்க மறுக்கிறது. பங்கு மறுத்தவனை மண்ணில் உருவமாகக் கிடத்தித் தொடையில் அடிக்கிற படுகளம் அதே ஊரில்தான் நடக்கிறது.

விழுப்புரம் மேல்பாதியில் இது வெளிச்சத்துக்கு வந்தது. 2023 ஏப்ரல் திருவிழாவில் திரௌபதியம்மன் கோயிலுக்குள் சென்ற தலித்துகள் தாக்கப்பட்டார்கள்; ஜூனில் அதிகாரிகள் கோயிலுக்குச் சீல் வைத்தார்கள். 2024 மார்ச்சில் நீதிமன்ற உத்தரவின்பேரில் பூசைக்கு மட்டும் நடை திறந்தது. 2025 ஏப்ரலில்தான் போலீஸ் காவலோடு தலித் மக்கள் உள்ளே போய்க் கும்பிட முடிந்தது. ஒரே பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்கள் ஒரே ஊராகிவிடுவார்கள் என்று மொழிப்பற்றாளர்கள் நம்புவது எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு மேல்பாதி போதும்.

பெண்களைத் தள்ளிவைப்பதும் இதை ஒட்டியதுதான். அவிழ்ந்த கூந்தலோடு சபையில் நியாயம் கேட்கும் திரௌபதியாக மரபுக் கூத்தில் ஆண்தான் வருகிறான்.

இந்த ஊர்த் திருவிழாவுக்கு மாற்றாக நகரவாசிகள் கண்டது மேடைக்கூத்து. ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறையும் புரிசை கிராமத்துக் கலைஞர்களும் கூத்துக்கு வாங்கித் தந்த மரியாதை சாதாரணமல்ல. ‘கூத்தாடி’ என்பது வசவாக இருந்த காலம் அது. ஆனால் ஒன்றரை மணி நேரத்துக்குச் சுருக்கி அரங்கில் ஆடும்போது வரி நோட்டுத் தகராறு மறைவதோடு, பிரசங்கமும் போய்விடுகிறது, அடுத்த சீரை முணுமுணுக்கிற கிழவியும் போய்விடுகிறாள். கலை மிஞ்சுகிறது, பள்ளிக்கூடம் மிஞ்சவில்லை.

காலனி மக்களைப் பற்றிப் பேச்சு வந்தால், “அவங்க தனியா பாரதம் வச்சிக்கட்டுமே” என்று ஊர்ப் பெரியவர்கள் சமாதானம் சொல்வதுண்டு. கூத்து ஜமாவுக்கு அது இன்னொரு தாம்பூலம்; லாபம்தான். ஆனால் ஒரே கிராமத்தில் இரண்டு கொடி ஏறினால், இரண்டு ஊர் என்பதை அம்மன் பேராலேயே எழுதிக் கொடுத்ததாகிவிடும். கேட்கப்படுவது தனிப் பந்தல் அல்ல, அந்த வரி நோட்டில் ஒரு வரி.